வட்டக்கானலில் தண்ணீர் வராத வண்டி

பழனி அடிவாரத்தில் ஏறும்போதே எனக்குப் பாதிக் கோபம் வந்துவிட்டது. ஆறு மணிக்குத் தயாராக நிற்கும் என்று சொன்ன வண்டி, ஏழரைக்குத்தான் தண்ணீர் பிடிக்கவே கிளம்பியது. படுக்கை, அடுப்பு, கழிப்பறை, கை கழுவும் பேசின் எல்லாம் உள்ளேயே இருக்கும் கேம்பர் வேன் அது. நாள் வாடகை ஏழாயிரம். அந்த விலைக்குக் கொடைக்கானலில் நல்ல ஹோட்டல் அறையே கிடைக்குமே என்பீர்கள். கிடைக்கும். ஆனால் அந்தக் குழாயில் என்ன தண்ணீர் வரும் என்று யாராவது எழுதித் தருவார்களா?

என் கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வயிற்றில் பொருத்திய குழாய் வழியாக மருந்துத் திரவத்தை ஏற்றி இறக்கும் டயாலிசிஸைத் தினமும் நான்கு வேளை தானே செய்துகொள்கிறார். ஒவ்வொரு வேளையும் சுத்தமான தண்ணீர் குழாயில் ஓட ஓட, சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். போன வருஷம் ஒரு கல்யாண மண்டபத்தில் டிரம்மில் மொண்டு கழுவினார். வயிற்றுக்குள் கிருமி புகுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். அதற்குப் பிறகு திண்டுக்கல்லை விட்டு நகர மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். சுத்திகரித்த தண்ணீரை நாமே நிரப்பிக்கொள்ளலாம் என்று இந்த வண்டியைக் காட்டித்தான் அவரைக் கிளப்பினேன்.

"குழாய்ல தண்ணி வரலைன்னா அந்த நிமிஷமே திரும்பிரணும் வசந்தி. அப்புறம் என்னைய எங்கயும் கூப்பிடக் கூடாது" என்றார். சரி என்றேன்.

தண்ணீர் நிரப்பும்போது பக்கத்திலேயே நின்றேன். வண்டியின் பக்கவாட்டில் இருந்த மூடியைத் திறந்து ஓஸைச் செருகினால், போன தண்ணீர் குபுக் குபுக்கென்று எதுக்களித்து வெளியே வந்தது. ஏன் இப்படி என்று டிரைவர் தண்டபாணியைக் கேட்டேன்.

"புது வண்டிக்கா. போகப் போகச் சரியாயிரும்."

வண்டிக்கு என்ன வாந்தியா, போகப் போகச் சரியாக? கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை.

பழனியிலிருந்து கொடைக்கானல் அறுபத்து நான்கு கிலோமீட்டர். வளைவுகளில் ஏற ஏற, வரதமாநதி அணை கீழே கைக்குட்டை அளவுக்குச் சுருங்கியது. சவரிக்காடு தாண்டியதும் மிளகுக் கொடியும் காப்பிச் செடியுமாக ஒரே பச்சை. இவர் கண்ணாடியை இறக்கிவிட்டு, முகத்தைக் காற்றில் கொடுத்தபடியே பெருமாள்மலை வரை வந்தார். அந்த முகத்தைப் பார்த்து எத்தனை நாளாயிற்று!

மதியம் கொடைக்கானலை ஒட்டிய வட்டக்கானலில், ஒரு கெஸ்ட்ஹவுஸுக்குப் பக்கத்துக் காலியிடத்தில் வண்டியை நிறுத்தினோம். டயாலிசிஸ் வேளை வந்தது. இவர் முழங்கை வரை சோப்பைத் தேய்த்துக்கொண்டு குழாயைத் திறந்தார். தண்ணீர் வந்தது, நூலாக மெலிந்தது, இரண்டு முறை துப்பியது, நின்றே போனது. பம்ப் மட்டும் உர்ர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது.

வண்டி முதலாளிக்குப் போன் போட்டேன்.

"பம்ப் ஓடுதுல்ல மேடம்? அப்ப தண்ணி வரணுமே."

"வரலைங்க."

"இல்ல மேடம், வரணும்."

எனக்கு எப்படிக் கோபம் வந்திருக்கும்! நான் என்ன பொய்யா சொல்கிறேன்? ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொன்னார்; பண்ணினோம். நூலாகக் கொஞ்சம் வந்து மறுபடி நின்றது. தொட்டி அளவு காட்டும் விளக்கு முக்கால் என்றது. தண்டபாணி படுக்கையைத் தூக்கி, பம்புக்கு முன்னால் இருந்த சின்ன வடிகட்டியைக் கழற்றினார். தூசி துரும்பு இல்லை; திரும்ப மாட்டினார். குழாய் எங்கும் மடங்கவில்லை, ஒழுகவில்லை.

"பம்புதான் போச்சு போலக்கா. மெக்கானிக்கு மதுரையில இருந்துதான் வரணும்."

கெஸ்ட்ஹவுஸ் அம்மா பாவம், ஒரு பக்கெட்டில் தண்ணீரும் மக்கும் கொண்டுவந்தார். மக்கைப் பார்த்ததும் இவர் முகம் செத்துவிட்டது. சோப்பைத் துண்டில் துடைத்துவிட்டு, மருந்துப் பையின் ஜிப்பை இழுத்து மூடினார்.

"விடு வசந்தி. கீழ போயிரலாம்."

விடுவதா? தொட்டியில் நிஜமாகவே தண்ணீர் இருக்கிறதா என்று என் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று வெளியே போனேன். மூடி இறுகிக் கிடந்தது. இரண்டு கையாலும் முறுக்கினேன். உஸ்ஸென்று காற்று உள்ளே பாய்ந்தது. அதே நொடியில் வண்டிக்குள், மூடாமல் விட்ட குழாய் கொட்டுகிற சத்தம்!

எண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டால் எண்ணெய் திக்கித் திக்கி விழும். எதிர்ப்பக்கம் இன்னொன்று போட்டால்தான் சீராக ஒழுகும். சமையலறையில் நிற்கிற எல்லோருக்கும் தெரிந்த சங்கதி இது. அப்படியானால் இந்தத் தொட்டிக்குக் காற்றுப் போகிற ஓட்டை எங்கே? மூடிக்கு மேலே பார்த்தேன். பளபளவென்று மயிலோடு ஒரு வேல் ஸ்டிக்கர். விரலால் அழுத்தினால், அடியில் வட்டமாக வலை தட்டுப்பட்டது. வண்டி வாங்கியதும் அடிவாரத்தில் பூஜை போட்டு, வேல் ஒட்டியிருக்கிறார்கள். ஒட்டட்டும். அவ்வளவு பெரிய வண்டியில் இந்த ஓட்டைதானா கிடைத்தது?

உரிக்கச் சொன்னேன். தண்டபாணி இரண்டடி பின்னால் போனார்.

"பூஜ போட்டு ஒட்டுனதுக்கா. அதக் கிழிச்சிட்டு இந்த எறக்கத்துல வண்டி ஓட்டச் சொல்றீங்களா? மூடியத் தெறந்தே வச்சுக்குவோம்."

"மலைத் தூசியெல்லாம் தண்ணியில விழுகட்டுமா? அவரு அந்தத் தண்ணியிலதான் கை கழுவணும். அடச்சு வச்சிருக்கிறது உங்க முதலாளி. முருகன் பேரை ஏன் இழுக்குறீங்க?" கத்தியே விட்டேன். கெஸ்ட்ஹவுஸ் அம்மா உள்ளே போய்விட்டார்.

தண்டபாணி வாசல் வழியாக எட்டிப் பார்த்தார். இவர் மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு தண்டபாணி செருப்பைக் கழற்றினார். "வெந்நி இருக்குதாக்கா? சூடு காட்டுனா கிழியாம வரும்." பிளாஸ்க் வெந்நீரில் துணியை நனைத்து ஒத்தி ஒத்தி, ஓரத்திலிருந்து உரித்தார். மயிலின் தோகையில் கொஞ்சம்தான் போயிற்று. கொண்டுபோய் ஸ்டியரிங்குக்கு எதிரே ஒட்டி, கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

மூடியை இறுக்கிவிட்டுக் குழாயைத் திறந்தோம். நிற்காமல் கொட்டியது. இவர் கழுவினார், கழுவிக்கொண்டே இருந்தார். அன்றைக்கு ஜன்னலுக்கு வெளியே மஞ்சு இறங்க இறங்க, டயாலிசிஸ் பையைக் கொக்கியில் மாட்டிக்கொண்டு, "வெள்ளகவி கிராமத்துக்கு இங்கேருந்துதான் நடைபாதை இறங்குதாம்" என்றார். நடக்க முடியாது, ஆனால் கேட்டு வைத்திருக்கிறார். இரண்டு நாள் தங்கினோம். ஒரு வேளைகூடத் தவறவில்லை.

மூன்றாம் நாள் பழனியில் வண்டியை ஒப்படைத்தோம். முதலாளி வண்டியைச் சுற்றி வந்தவர், வெறும் ஓட்டையைப் பார்த்து நின்றார். காற்று, தொட்டி, இவருடைய கை என்று எல்லாவற்றையும் சொன்னேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். கேட்டுவிட்டு, உள்ளே போய் மேசை டிராயரிலிருந்து புது ஸ்டிக்கர் ஒன்றை எடுத்துவந்து, அதே இடத்தில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தார்.

"ஓட்ட அசிங்கமாத் தெரியுது மேடம். அடுத்த பார்ட்டி நாளைக்கு வெள்ளனே வருது."

இவர் வழக்கம்போல "விடு" என்று சொல்வார், ஆட்டோ பிடிக்கச் சொல்வார் என்று நினைத்தேன். இவர் என்னைத் தாண்டி வண்டியிடம் போனார். ஸ்டிக்கரின் ஓரத்தைச் சுரண்டினார். கிருமிக்குப் பயந்து ஒட்ட ஒட்ட நகம் வெட்டிய விரல்கள், பிடி கிடைக்கவில்லை. மறுபடி சுரண்டினார். முதலாளி "சார், சார்" என்றார். இவர் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"வசந்தி, எனக்கு நகம் இல்ல. நீ வா" என்றார்.

போனேன்.