வலது காலை எடுத்து வைத்து

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தபோது நான் நாலாவது படித்துக்கொண்டிருந்தேன். கடலூர் முதுநகரில் மீன் விற்றுக்கொண்டிருந்தவள், கூடைக்குப் பக்கத்திலேயே சாய்ந்துவிட்டாள். வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. சிதம்பரத்து ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் கிடந்தாள். பேச்சு மட்டும் சீக்கிரம் திரும்பிவிட்டது. "அத மட்டும் ஆண்டவன் அவசரப்பட்டுக் குடுத்துட்டான்" என்பார் அப்பா. ஆனால் அவள் முதல் வார்த்தை பேசிய அன்று, ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டவரும் அவர்தான்.

வீட்டுக்கு அழைத்து வந்த அன்று அத்தை ஆரத்தித் தட்டோடு வாசலில் நின்றாள். பிழைத்து வந்தவளை வேறு எப்படி அழைப்பது? "வலது கால எடுத்து வெச்சு வா அண்ணி" என்றாள். கூடியிருந்த பெண்களும் அதையே சொன்னார்கள். நானும் கத்தினேன். விழுந்தது எந்தக் கால் என்று அத்தனை பேரில் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. அம்மாவுக்கும் வரவில்லை. அப்பாவின் பிடியை மீறி வலது காலைப் படியில் இழுத்து வைத்து எம்பினாள். கால் மடங்கி, தட்டின் மேலேயே சரிந்தாள். ஆரத்தித் தண்ணீரைப் பார்த்து, ரத்தம் என்று நான் அலறினேன்.

அடுத்த வாரம், ஆஸ்பத்திரியில் நடைப்பயிற்சி கொடுக்கும் அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "படி ஏறும்போது நல்ல கால்தான் முதல்லன்னு எத்தன வாட்டி சொன்னேன்?"

அம்மா மசியவில்லை. "உள்ள வெளக்கு எரியுதும்மா. கல்யாணமாயி வலது கால வெச்சு நொழஞ்ச வூடு. இடது கால வெச்சு நொழைய மாட்டேன்."

"அப்ப வலது கால் ஒடம்பத் தாங்குற வரைக்கும் தரையில நடங்க" என்றாள் அக்கா. அம்மா அதை உத்தரவாகவே எடுத்துக்கொண்டாள்.

வாசலில் வலை வைக்கும் கொட்டகையில்தான் அவளுக்குக் கட்டில். தூக்கிக்கொண்டு போய் உள்ளே விடுவதாக அப்பா கெஞ்சிப் பார்த்தார். "என்னத் தூக்குறது ஒரு தபாதான். அதுக்கு நாலு பேரு வருவாங்க, நீங்க செவனேன்னு இருங்க" என்றாள்.

அப்பா படகுக் கயிற்றை எடுத்து, கொட்டகைத் தூணிலிருந்து பூவரச மரம் வரை இடுப்பளவுக்கு இழுத்துக் கட்டினார். காலையில் இருபது நடை, சாயங்காலம் இருபது. இடது கையில் கயிறு. இடுப்பில் கட்டிய துண்டை அப்பா பிடித்துக்கொள்வார். அவர் கடலுக்குப் போனால் அத்தை. எண்ணுவது என் வேலை. பாவமாக இருக்கிறதே என்று நடுவில் இரண்டு எண்ணை விட்டுவிட்டு எண்ணினால், "சாமிய ஏமாத்துறியாடி?" என்று முதலிலிருந்து ஆரம்பிப்பாள். ஐப்பசி மழையில் கொட்டகை ஒழுகியது. கட்டிலைத்தான் நகர்த்த விட்டாள், மனசை நகர்த்த விடவில்லை. "காலுக்கு வந்தது உன் பிடிவாதத்துக்கு வந்திருக்கக் கூடாதா அண்ணி?" என்று அத்தை முணுமுணுத்தாள்.

தைப்பூசத்தன்று காலையில் குளித்து, நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு அம்மா வாசற்படிக்கு வந்தாள். இடது கையால் நிலையைப் பிடித்தாள். வலது கால் மெல்ல எழும்பியது. விரல்கள் படியில் தட்டி நின்றன. நான் குனிந்து தூக்கிவிடப் போனேன். "கைய எடுடி." மறுபடி எழும்பி, படிமேல் உட்கார்ந்தது அந்தக் கால். முழங்கால் வெடவெடவென்று நடுங்கியது. "முருகா, முருகா" என்றவள், இடது காலைத் தரையிலிருந்து எடுத்தாள். ஒரு கணம் மொத்த உடம்பும் அந்த விழுந்த காலின் மேல் நின்றது. அப்பா பின்னால் இரண்டு கைகளையும் ஏந்தியபடி மூச்சுவிடாமல் இருந்தார். அவர் பிடிக்க வேண்டியிருக்கவில்லை.

உள்ளே போனவள் விளக்கைக்கூடக் கும்பிடவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, அடுப்பையும் கொடியில் கிடந்த என் பாவாடையையும் மாறி மாறிப் பார்த்துக் குலுங்கிக் குலுங்கி அழுதாள். கால்தான் வலிக்கிறது என்று நினைத்து, ஓடிப்போய்த் தைலத்தை எடுத்துவந்து சூடு பறக்கத் தேய்த்தேன்.

"வலி போச்சாம்மா?"

"போச்சுடி."

சொல்லிவிட்டு மறுபடியும் அழுதாள். அது மட்டமான தைலம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் ஊற்றித் தேய்த்தேன்.