சகலையின் மூணு வேளைக் காசு

என் சகலையை எனக்குப் பிடிக்காது. அவர் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை, இருந்தும் பிடிக்காது. எங்கள் மாமனாருக்கு இரண்டே பெண்கள். மூத்தவளை அரூர் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்த அவருக்குக் கொடுத்தார். பிறகு இளையவளை எனக்குக் கொடுத்தார். எனக்குப் பாப்பாரப்பட்டிப் பக்கம் மானாவாரிக் காடு. மழை பெய்தால் கடலை, பெய்யாவிட்டால் கொள்ளு. அவருக்கு மழை பெய்தாலும் வெயில் அடித்தாலும் ஒன்றாம் தேதி சம்பளம். போதாததற்கு டெர்லின் சட்டை, கையில் வாட்ச், பக்கத்தில் போனால் டெட்டால் வாசனை. மாமனார் ஊரில் யாருக்குத் தலைவலி வந்தாலும், “பெரிய மாப்ள எப்ப வர்றாருங்க?” என்று கேட்பார்கள். நான் எப்போது வருவேன் என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

மாமனார் ஊர் பாப்பிரெட்டிப்பட்டிக்குப் பக்கத்தில். எங்களைப் போல வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள், ஊரில் பாதிக்கு மேல். வருசம் ஒருமுறை கோயில் தேர். அன்றைக்குக் காலைப் பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் மாமனார் இரண்டு மருமகன்களையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்து, ஆளுக்கு ஒரு பத்து ரூபாய் நோட்டை வெற்றிலையில் வைத்துக் கொடுப்பார். அதற்குப் பெயர் தேர்க்காசு. அந்தக் காலத்தில் பத்து ரூபாய் லேசுப்பட்ட காசு இல்லை. ராத்திரி தேர் கிளம்புவதற்குள் அதைத் திருவிழாவில் செலவழித்துவிட வேண்டும். மிச்சம் பிடித்து ஊருக்கு எடுத்துப் போனால் மாமனாரைக் குறைத்துப் பேசின மாதிரி ஆகிவிடும். மறுநாள் காலையில் இரண்டு மகள்களும் புருசன்மாரோடு கிளம்பும்போது, யார் கையில் என்ன இருக்கிறது என்று அந்தத் தெருப் பெண்கள் வேலையை விட்டுவிட்டு வந்து பார்ப்பார்கள்.

என் கொழுந்தியாள் கையில் எப்போதும் ஏதாவது இருக்கும். கம்பவுண்டரின் பெண்சாதியைத்தான் சொல்கிறேன். முறைக்கு எனக்கு அண்ணியாகிறாள், ஆனால் வயிற்றெரிச்சலில் முறையெல்லாம் மறந்துவிடும். முதல் வருசம் எவர்சில்வர் தூக்கு. அடுத்த வருசம் வளையலும் ஒரு ரவிக்கைத் துண்டும். இன்னொரு வருசம் பித்தளைக் குடம், இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஏறுகிற வரைக்கும் கீழே இறக்கவில்லை. என் பெண்சாதி கையில் துணிப்பை, அதற்குள் முந்தின நாள் உடுத்தின சேலை. அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள். சொல்லாததுதான் என்னை அறுக்கும். சம்பளக்காரன் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்தால்கூடப் பொறுத்துக்கொள்வேன். அந்த மனுசன் இதையெல்லாம் அதே பத்து ரூபாயில், கட்டை ஆடி வாங்கிக் கொடுத்தார்.

கட்டை என்றால் லங்கர் கட்டை. கோயில் வளாகத்தில் ஆடினால் பங்குச் சாமியார் குடையால் அடிப்பார் என்பதால், ஊருக்கு வெளியே புளியந்தோப்பில் துணி விரிப்பார்கள். துணியில் ஆறு கட்டம். சீட்டுக்கட்டில் உள்ள நாலு சாதி, ஒரு கொடி, ஒரு நங்கூரம். மூன்று கட்டைகளிலும் அதே ஆறு படங்கள். கட்டைக்காரன் அவற்றைத் தகர டப்பாவில் போட்டுக் குலுக்கிக் கவிழ்ப்பான். நாம் பிடித்த படத்தில் காசு வைக்க வேண்டும். டப்பாவைத் தூக்கும்போது ஒரு கட்டையில் நம் படம் இருந்தால் வைத்ததற்கு ஒரு பங்கு, இரண்டில் இருந்தால் இரண்டு, மூன்றிலும் இருந்தால் மூன்று. ஒன்றிலும் இல்லாவிட்டால் அவன் வாரிக்கொள்வான். பெரும்பாலும் அவன்தான் வாரிக்கொள்வான்.

தோப்பில் மூன்று நாலு துணி விரித்திருக்கும். நான் எப்போதும் நுழைந்ததும் முதலில் இருக்கிற துணிக்குத்தான் போவேன். காரணம், அந்தச் சேலத்துக்காரன் என்னைப் பார்த்ததும், “வாங்க மொதலாளி!” என்பான். மாமனார் வீட்டில் ‘சின்ன மாப்ள’ என்று கேட்டுக் கேட்டுச் சலித்த காதுக்கு அது இனிக்கும். பூசையில் கேட்ட பிரசங்கம் மறப்பதற்குள் பத்து ரூபாயும் போய்விடும். அப்புறம் ஊர்க்காரன் எவனிடமாவது கைமாற்று வாங்கி ஆடுவேன். பசி தெரியாது. வீட்டில் விருந்து காத்திருக்குமே என்றால், விருந்து எங்கே போகப் போகிறது, கறி ஆறினாலும் கறிதானே என்பது என் எண்ணம். பொழுது சாயும்போதுதான் வீட்டுப் பக்கம் தலை காட்டுவேன்.

ஒரு வருசம் வைராக்கியமாக, ஆடாமல் கம்பவுண்டரின் பின்னாலேயே போனேன். இந்த ஆள் மந்திரம் கிந்திரம் போடுகிறாரா, கட்டைக்காரனோடு கூட்டா என்று தெரிந்துகொள்ள வேண்டும். அவர் நேராகத் தோப்புக்குப் போகவில்லை. வெற்றிலைக் கடையில் நோட்டைச் சில்லறையாக மாற்றினார். சில்லறையை மூன்றாகப் பிரித்து, ஒரு பங்கைச் சட்டைப் பையிலும் மற்ற இரண்டைத் தனித்தனிக் காகிதத்தில் மடித்து உள்பையிலும் வைத்தார். ஆஸ்பத்திரியில் மருந்துப் பாட்டிலின் மேல் வேளைக்கு இவ்வளவு என்று காகிதம் வெட்டி ஒட்டுவாரே, அதே விரல்கள், அதே நிதானம். பிறகு தோப்பில் ஒவ்வொரு துணியாக நின்று வேடிக்கை பார்த்தார். காசு வைக்கவில்லை. ஒவ்வொருத்தனிடமும் ஒரு கேள்வி மட்டும் கேட்டார்: “மூணும் விழுந்தா என்ன குடுப்பே?”

சேலத்துக்காரன், “மூணுக்கு மூணு மொதலாளி” என்றான். அவரையும் மொதலாளி என்றான்! எனக்குச் சுருக்கென்றது. கடைசித் துணியில் கர்நாடகப் பக்கத்திலிருந்து வந்தவன் ஒருத்தன், பாதி கன்னடம் பாதித் தமிழ், கூட்டமே இல்லை. கூட்டம் சேர்க்க அவன் ஐந்து கொடுத்தான். கம்பவுண்டர் வேட்டியை மடித்துக்கொண்டு அங்கே உட்கார்ந்தார்.

சட்டைப் பைக் காசு தீர்ந்ததும் எழுந்துவிட்டார். டீ குடித்தார். ராட்டினத்தைப் பார்த்தார். திரும்பிப் போய் இரண்டாவது பங்கில் ஆடினார். அது வளர்ந்தது. வளர்ந்த காசை எடுத்து வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு மறுபடியும் எழுந்தார். மூன்றாவது காகிதத்தைப் பிரிக்கவே இல்லை. அதையும் மடிப்பில் இருந்ததையும் சேர்த்துப் பாத்திரக் கடையில் கொடுத்தார். அந்தப் பித்தளைக் குடம் அப்படி வந்ததுதான்.

“என்னுங்க சகல, நல்லா வந்துட்டிருக்கறப்ப எந்திரிச்சிட்டீங்க?” என்றேன். எரிச்சலை மறைக்கச் சிரித்துக்கொண்டேன்.

“கட்டைல எவன் செயிச்சான் சகல? மூணு வேளைக்குக் குடுத்த மருந்து. ஒரு வேளையோடது தீந்தா அவ்ளோதான். வாங்க வூட்டுக்குப் போலாம், பசிக்குது” என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் குடத்தை வாங்கித் தூர எறிந்திருப்பேன். இவ்வளவுதானா? மந்திரம் இல்லை, கூட்டு இல்லை. ஒரு பெரிய திருட்டுத்தனத்தைக் கண்டுபிடிக்கலாம் என்று பின்னாலேயே அலைந்தவனுக்கு, அந்த ஆள் யோக்கியர் என்று தெரிவதைவிடக் கேவலம் உண்டா? அவர் எழுந்த இடத்தில் சூடு ஆறுவதற்குள் போய் உட்கார்ந்தேன். அந்த இடத்துக்கு ராசி என்று மனசுக்குள் ஒரு கிறுக்கு. என் பத்து ரூபாய் போகிற வரைக்கும் அங்கேயே இருந்தேன்.

அடுத்த வருசம் நானும் வெற்றிலைக் கடையில் சில்லறை மாற்றி மூன்றாகப் பிரித்தேன். கர்நாடகக்காரன் துணியையே தேடிப் பிடித்து உட்கார்ந்தேன். முதல் பங்கு தீர்ந்தது. எழுந்திருக்க வேண்டும் என்று தெரியும். ஆனால் எதிரே கம்பவுண்டர் தன் பங்கை இரட்டிப்பாக்கிக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் எழ முடியவில்லை. இரண்டாவது காகிதத்தைப் பிரித்தேன், பின்னாலேயே மூன்றாவதையும். மூணு வேளை மருந்தையும் ஒரே மடக்கில் குடித்த நோயாளி கதைதான். அந்த வருசம் என் கொழுந்தியாளுக்குப் பூப்போட்ட சேலை. என் பெண்சாதிக்கு அதே துணிப்பை.

அதற்கும் அடுத்த வருசம் நான் ஜெயித்தேன்.

அன்று கம்பவுண்டருக்கு நேரம் சரியில்லை. முதல் பங்கும் போனது, இரண்டாவதும் போனது. மூன்றாவதைத் தொடாமல் எழுந்து, “கெளம்பலாங்களா சகல?” என்று கேட்டார். அவர் தோற்றதைப் பார்த்த சந்தோசத்தில் எனக்குத் தலை கால் புரியவில்லை. “நீங்க முன்னாடி போங்க” என்றேன். அவர் போனதும் கொடியில் வைத்தேன். மூன்று கட்டையிலும் கொடி! ஒன்றுக்கு ஐந்து. அதில் ஒரு பகுதியை மறுபடியும் கொடியிலேயே வைத்தேன். இரண்டில் விழுந்தது. கூட்டம் சேர்ந்துவிட்டது. நடுவில் எல்லாம் போய்ச் சில்லறைதான் மிஞ்சியது, மறுபடி ஏறியது, மறுபடி இறங்கியது, மறுபடி ஏறியது. ஏறி நின்ற ஒரு நேரத்தில் கர்நாடகக்காரன் டப்பாவைத் துணிக்குள் வைத்துச் சுருட்டினான். “சாகு சாமி, போதும், என்கிட்ட இனி காசு இல்லே” என்று எழுந்து போய்விட்டான். நான் இன்னும் ஒரு ஆட்டம், ஒரே ஒரு ஆட்டம் என்று அவன் கையைப் பிடித்தது நினைவிருக்கிறது.

நேராகப் பாத்திரக் கடைக்குப் போனேன். கொழுந்தியாள் குடத்தைவிடப் பெரிய குடமாக எடு என்றேன். ஜவுளிக் கடையில் கரை வைத்த சேலை ஒன்று எடுத்தேன். குடத்துக்குள் சேலையை வைத்துத் தோளில் ஏற்றிக்கொண்டு, வேண்டுமென்றே கோயில் தெருவைச் சுற்றிக்கொண்டு போனேன். மறுநாள் காலையில் என் பெண்சாதி இதை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவில் நடப்பாள். அவள் அக்கா அன்றைக்குத் துணிப்பையோடு வருவாள். அதைப் பார்க்கத்தான் இத்தனை வருசம் தோற்றேன் என்று தோன்றியது.

வீட்டில் நுழையும்போது விளக்கு வைத்துவிட்டார்கள். குடத்தைக் கூடத்தின் நடுவில், சத்தம் கேட்கிற மாதிரி வைத்தேன். கம்பவுண்டர் உள்ளறையிலிருந்து பனியனோடு வந்து பார்த்தார். முகம் கறுக்கும் என்று காத்திருந்தேன். “அட சபாஷ் சகல!” என்று என் முதுகில் தட்டிவிட்டு, கொட்டாவி விட்டுக்கொண்டே திரும்பப் படுக்கப் போய்விட்டார். கொழுந்தியாள் குடத்தைத் தட்டிப் பார்த்து, “நல்ல கனம்டி, எடுத்து வை” என்று தங்கையிடம் சொன்னாள். அவளுக்கும் வயிறு எரியவில்லை. என்ன குடும்பம் இது என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. மாமனார் மட்டும், “மொதல்ல சாப்புடுங்க மாப்ள” என்று சொல்லிவிட்டுத் தேர் பார்க்க எழுந்து போனார்.

என் பெண்சாதி எனக்குச் சோறு போட்டாள். கறியைச் சூடு பண்ணிக் கொண்டுவந்தாள். குடத்தின் பக்கம் திரும்பவே இல்லை.

“ஏன், புடிக்கிலியா?” என்றேன்.

“நல்லாத்தான் இருக்குது.”

“உங்கக்காளோடதவிடப் பெருசு.”

அவள் குழம்பு ஊற்றினாள். பிறகு கேட்டாள்: “நீங்களா எந்திரிச்சு வந்தீங்களா, அவன் எந்திரிச்சிட்டானா?”

நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். அவளுக்கு அதுவே பதிலாக இருந்திருக்க வேண்டும்.

“ஒவ்வொரு வருசமும் மத்தியானம் எங்கப்பா மாப்ளைங்க ரெண்டு பேருக்கும் பக்கத்துல பக்கத்துல எலை போடச் சொல்லுவாருங்க” என்றாள். குரல் உயரவில்லை. “மாமா வந்து உக்காருவாரு. உங்களுக்காக ரொம்ப நேரம் சும்மா உக்காந்திருப்பாரு. அப்பறம் எங்கப்பாவே சாப்புடுங்கன்னு சொல்லிருவாரு. எங்கக்கா அவ புருசனுக்குப் பாத்துப் பாத்துப் பரிமாறுவா. நான் உங்க எலைய எடுத்து மடிச்சு வெச்சுட்டு, எல்லாரும் பாக்க நின்னுட்டு இருப்பேன். எங்கக்காளப் பாத்து எனக்கு அப்பத்தாங்க வயிறு எரியும். கொடத்துக்கு இல்ல.”

வெளியே வெடி போட்டார்கள், தேர் கிளம்பிவிட்டது. நான் தலையைத் தூக்கவில்லை. உள்ளறையில் கம்பவுண்டர் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அத்தனை வருசத்தில் அந்த மனுசன் மேல் எனக்கு அப்படியொரு பொறாமை வந்ததில்லை.