மதகுக் கல்லும் நாலு கைக்குட்டையும்

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டில் வேட்டிக்குக் கஞ்சி காய்ச்சுவார்கள். அந்த வாசனை மற்றவர்களுக்கு எப்படியோ, எனக்குக் கோபம் வரும். போன வாரமும் வந்தது. "கஞ்சியப் பார்த்து எதுக்கு இப்படி மொறைக்கிறீங்க?" என்று மனைவி கேட்டாள். அவளிடம் சொல்ல முடியாத காரணம். உங்களிடம் சொல்லலாம்.

அந்தக் காலத்தில் ட்ரேசிங் துணி என்று ஒன்று இருந்தது. நல்ல சன்னமான துணிக்குக் கெட்டியாகக் கஞ்சி ஏற்றி, பளபளவென்று இழைத்து, சீமையிலிருந்து சுருள் சுருளாக வரும். எஞ்சினியரிங் மாணவன் முதலில் காகிதத்தில் பென்சிலால் வரைவான். அதன்மேல் இந்தத் துணியை விரித்து மையால் பிரதி எடுப்பான். தும்மக்கூடப் பயமாக இருக்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் அந்த இடம் வெள்ளையாகப் பூத்துவிடும். ஆனால் துணியைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டால் கஞ்சி போகும், மையும் பெரும்பாலும் போகும். திவான் பையில் வைத்துக்கொள்ளத் தகுந்த கைக்குட்டைத் துணி மிஞ்சும். வருஷக் கடைசியில் கெட்டுப்போன படங்களை எல்லாம் வேகவைத்துக் கைக்குட்டை அடித்துக்கொள்வது எங்கள் வழக்கம். எங்கள் படிப்பினால் உடனடியாகக் கிடைத்த ஒரே பயன் அதுதான்.

கல்லூரி பெங்களூரில். கடைசி வருஷத்தில் மட்டும் மைசூரில், சாமுண்டி மலைக்குப் பின்புறம் ஓர் ஏரிக்கரையில் கூடாரம் அடித்து முகாம். அங்கேயே நிலத்தை அளந்து, அங்கேயே பாலமோ வாய்க்காலோ வடிவமைத்து, அங்கேயே வரைந்து கொடுத்துவிட்டுத்தான் ஊர் திரும்பலாம். மூன்றாம் வருஷப் பையன்களும் எங்களுக்கு அளவுகோல் பிடிக்க வருவார்கள். அப்படி வந்தவன்தான் நாணி. மேல்கோட்டைப் பக்கத்து ஐயங்கார்ப் பிள்ளை. அப்பா மராமத்து இலாகாவில் பெரிய கை. நானோ கொள்ளேகால்காரன். அப்போது கொள்ளேகால் கோயம்புத்தூர் ஜில்லாவில் இருந்தது. மைசூர்க்காரர்களுக்கு நான் வெளிச்சீமை ஆள். கூடாரத்தில் எனக்கும் நாணிக்கும் ஒரே பெட்டி, ஒரே விளக்கு.

என் படம் மூன்று கமான் வளைவுகள் கொண்ட கல் பாலம். இவ்வளவு அழகான பாலத்தில் வண்டிகளை விடலாமா என்று எனக்கே யோசனையாக இருந்தது. மையால் பிரதி எடுத்து முடித்த திருப்தியில், சிக்கனக் குணம் முந்திக்கொண்டு, பென்சில் படத்தை அழித்துவிட்டு அதே காகிதத்தில் வேறொன்று வரைந்தேன். இந்த மாதிரி புத்திசாலித்தனம் எனக்கு அடிக்கடி வரும்.

ஒப்படைக்க வேண்டிய அன்று பெட்டியைத் திறந்தேன். பாலம் இல்லை. கூடாரத்தைத் தலைகீழாக்கித் தேடிவிட்டு வெளியே வந்தால், நாணி ஜலதோஷத்தோடு வெயில் காய்ந்துகொண்டிருந்தான். கையில் புத்தம்புதுக் கைக்குட்டை. ஓரத்தில் மங்கலாக என் நடுக்கமான்.

"ஏண்டா, என்ற பாலத்துலயா மூக்கச் சிந்தறே?"

"அண்ணா, அது வேஸ்ட் ஷீட் அல்லவா? பெட்டியிலே அடியிலே கெடந்ததே! சமையல்காரர் வெந்நீர் வெச்சார், போட்டேன். நாலு வந்தது. உமக்கு ஒண்ணு வேணுமா?"

ஒன்று வேண்டுமா என்று கேட்டான் பாருங்கள். துணியைத் துவைத்ததைக்கூட மறந்திருப்பேன். அந்த உபசாரத்தை மறக்க முடியவில்லை.

படம் இல்லாதவனுக்கு மார்க் இல்லை. ஒரு வருஷம் போயிற்று. ராமாபுரத்தில் எனக்கென்று ஒரு பெண் பேசி வைத்திருந்தார்கள். கண் பெரிய பெண். "மாப்பள பெயிலாப் போனாருங்களாமா?" என்று அவளுடைய அப்பா எங்கள் அப்பாவிடம் வெகு மரியாதையாகக் கேட்டுவிட்டுப் போனார். தை மாதத்தில் கொள்ளேகால் பட்டு வியாபாரி ஒருவருக்கு அவளைக் கொடுத்தார்கள். கல்யாணத்துக்குப் போனேன். சாப்பாடு நன்றாக இருந்தது. இலையை மூடும்போது தீர்மானித்தேன்: எனக்குப் போன மாதிரி நாணிக்கும் ஒரு வருஷம் போக வேண்டும். அதிகம் வேண்டாம், குறையவும் வேண்டாம்.

மறு வருஷம் அதே ஏரி, அதே கூடாரம். நாணி இப்போது என் வகுப்பு. அவனுக்குத் தேறியவுடன் உட்கார அப்பாவின் இலாகாவில் நாற்காலி தயாராக இருந்தது. எங்களுக்கு முதல் வேலை மட்டம் எடுப்பது. முகாமில் உயரம் தெரிந்த கல் ஒன்று உண்டு. அதிலிருந்து கோலை நகர்த்தி நகர்த்தி, கருவியில் பார்த்துப் பார்த்து, ஏரி மதகின் தலைக்கல் வரை உயரம் கண்டுபிடிக்க வேண்டும். அந்த மதகுக் கல்லின் உயரம் வாத்தியாருக்குத்தான் தெரியும் என்று பெயர். உண்மையில் மாணவர்கள் வழிவழியாகக் காப்பாற்றி வந்த ரகசியம் அது. விடை தெரிந்தால் வெயிலில் நிற்க வேண்டியதில்லை. மரத்தடியில் உட்கார்ந்து பின்னாலிருந்து கணக்குப் போட்டுக்கொண்டு வரலாம். அச்சாக ஒத்துப்போனால் சந்தேகம் வருமென்று ஒரு சின்னப் பிசகையும் சேர்த்துவிடுவார்கள்.

எனக்கு வெயிலில் நிற்கும் வைராக்கியம் வந்திருந்தது. ஒழுங்காகவே எடுத்தேன். மதகுக் கல் போன வருஷத்தைவிட ஓர் அடிக்கு மேல் உயரமாக வந்தது. என்னை எனக்குத் தெரியுமாதலால் தப்பு என்னுடையது என்று நினைத்து மறுபடி எடுத்தேன். மறுபடியும் அதே உயரம். அப்புறம் நேரே போய்க் கல்லைத் தொட்டுப் பார்த்தேன். சுற்றிலும் புதுச் சுண்ணாம்பு. மழையில் மதகு இடிந்து, திருப்பிக் கட்டும்போது ஒரு வரிசை கூட்டியிருக்கிறார்கள். அந்தக் கல்லுக்கு மாலை போட வேண்டும் போல இருந்தது.

மறுநாள் நாணியின் முறை. கோல் பிடிக்க என்னைப் போட்டிருந்தார்கள். வந்தவன் கருவியின் முக்காலியை விரிக்கக்கூட இல்லை.

"அண்ணா, ஹோத வருஷத்து நம்பர் ஞாபகம் இருக்கோ?"

"எந்த நம்பர்?"

"மதகுக் கல்லு. நீர்தானே ரெண்டு வருஷத்து அனுபவஸ்தர்!"

"போன வருசத்து நம்பர்தானே உனக்கு வேணும்?"

"ஹௌது, அதேதான்."

சொன்னேன். தசமம் பிசகாமல், சத்தியமாக, அவன் கேட்ட வருஷத்து எண்ணைச் சொன்னேன். அவன் புங்கமர நிழலில் சாய்ந்து எழுத ஆரம்பித்தான். நான் வெயிலில் கோலைச் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு நின்றேன், யாரும் பார்க்காத கோலை. "உக்காருங்கோ அண்ணா, எதுக்குக் கஷ்டப்படறேள்?" என்றான். "பரவால்ல, பழக்கமாயிருச்சு" என்றேன். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் வெயிலில் நின்றதில்லை.

நேர்முகப் பரீட்சைக்கு இலாகாவிலிருந்து ஓர் எஞ்சினியர் வந்தார். சரிகைத் தலைப்பாகை, மூக்குப்பொடி. எங்களை வரிசையாக மதகின் மேலேயே நிறுத்திவைத்துக் கேட்டார். என் எண்ணைக் கேட்டுக்கொண்டு ஒரு சிட்டிகை பொடி போட்டார். நாணி சொன்னதும் பொடி டப்பாவை மூடினார்.

"ஏனப்பா, நீயே எடுத்ததா?"

"ஹௌது சார். பிசகு ரொம்பக் கம்மி சார்."

"கம்மிதான். இந்தக் கல்லை நான் நின்னு தூக்கி வெச்சு ஆறு மாசம்கூட ஆகலே. நீ அளந்த கல்லு எல்லி ஹோயிது, எங்கே போச்சு?"

நாணி காலுக்குக் கீழே பார்த்தான். புதுச் சுண்ணாம்பின் மேல்தான் நின்றுகொண்டிருந்தான்.

பொய்க் கணக்கு எழுதினவனுக்கு அந்த வருஷம் செல்லாது என்று தீர்ப்பாயிற்று. சாயங்காலம் கூடாரத்துக்கு வந்தான்.

"கல்லை மாத்தினது உமக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணா! எனக்கு ஒரு வருஷம் போச்சே!"

"போன வருசத்து நம்பரத்தான கேட்டே? கேட்டதச் சொன்னேன். என்ற பாலத்த வேக வைக்கறப்ப நீ அதுகூடக் கேக்கலியேடா."

அவன் தன் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு வேறு கூடாரத்துக்குப் போய்விட்டான். அதன்பின் அவன் என்னோடு பேசவில்லை. நான் தேறினேன், அந்தக் கண் பெரிய பெண்ணுக்கு அதற்குள் குழந்தை பிறந்திருந்தது.

இதையெல்லாம் எழுதுகிறவர்கள் கடைசியில் கொஞ்சம் வருந்துவது மரியாதை. நானும் தேடிப் பார்த்தேன். சமீபத்தில் மைசூர் போனபோது அந்த இடத்துக்கே போனேன். ஏரியைத் தூர்த்து வீடுகள் கட்டிவிட்டார்கள். மதகு எந்த வீட்டுக்கு அடியில் இருக்கிறது என்று சொல்ல ஆளில்லை. மகாராஜாவின் ராஜ்யம் போயிற்று. கொள்ளேகாலே மைசூர் பக்கம் சேர்ந்துவிட்டது. சரிகைத் தலைப்பாகைகள் போயின. ஏரிக்காக வருந்தினேன். நல்ல ஏரி. நாணிக்குப் போன அந்த ஒரு வருஷமும் இவற்றோடு போனதுதான். அதை மட்டும் யாராவது அவனுக்குத் திருப்பிக் கொடுக்க வந்தால், இந்த வயதிலும் குறுக்கே போய் நிற்பேன்.