புகார்ப் பெட்டிக்கு வந்த வருத்தங்கள்

கொழும்பு வெள்ளவத்தையில் நான் குடியிருக்கும் அடுக்குமாடியில் யாரும் தனியாக இருமிவிட முடியாது. குடிவந்த மூன்றாவது மாதம், ஒரு காலையில் லிஃப்டுக்குள் நின்று இருமினேன். நாலாம் மாடியில் கணக்கு டியூஷன் நடத்தும் யாழ்ப்பாணத்து மாஸ்டர், "என்ன மிஸ், வருத்தமோ?" என்றார். போன வாரம்தான் அவர் வகுப்புச் சத்தத்தைப் பற்றி முறையிட்டிருந்தேன். மனுஷர் சமாதானத்துக்கு வருகிறார் என்று நினைத்து, "ஐயையோ, எனக்கு யார் மேலயும் வருத்தம் இல்லைங்க" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வருத்தம் ஆரிலயும் வாறதில்லை மிஸ், உடம்பில வாறது. கொத்தமல்லி அவிச்சுக் குடியுங்கோ" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

நான் மதுரைக்காரி. தமிழ் பேசும் ஊருக்குத்தானே போகிறோம் என்ற தெம்பில் கொழும்புக்கு வேலைக்கு வந்தவள். கைப்பேசியில் மருத்துவரைப் பார்க்கும் செயலி ஒன்றைச் செய்யும் சின்ன நிறுவனத்தில் ஒழுங்குவிதி இணக்க அதிகாரி. நோயாளி எழுதுவதை யார் பார்க்கலாம், யார் பார்க்கக்கூடாது, எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்று கவனிப்பது என் வேலை. சுருக்கமாகச் சொன்னால், "கூடாது" என்று சொல்வதற்குச் சம்பளம். அதனால் அலுவலகத்தில் எனக்கு "எப்பா மிஸ்" என்று பெயர். சிங்களத்தில் எப்பா என்றால் வேண்டாம். எங்கள் மதுரையில் எப்பா என்றால் மலைப்பு. இரண்டுமே எனக்குப் பொருந்தும்.

லிஃப்டில் நடந்ததைப் பக்கத்து மேசை நுஸ்ரத்திடம் சொன்னேன். கொழும்பிலேயே கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவள், செயலியைச் சோதிப்பவள். கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "இங்க வருத்தம் எண்டா நோய்தானே மீனா! இவ்வளவு நாளா தெரியாதா?" நானும் சிரித்தேன். பாதிச் சிரிப்பில் நிறுத்திக் கணினியைத் திறந்தேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், செயலியின் புகார்ப் பக்கத்துக்குத் தமிழ் எழுதியவள் நான்தான். "உங்களுக்கு ஏதேனும் வருத்தம் இருந்தால் தயங்காமல் இங்கே எழுதுங்கள்."

தயங்காமல்தான் எழுதியிருந்தார்கள். "சீனி வருத்தம், பத்து வருசம்." "முழங்கால் வருத்தம், படி ஏற ஏலாது." சோதனை ஓட்டத்தில் சேர்ந்திருந்த குடும்பங்களின் நோயெல்லாம் அங்கே வரிசையாக நின்றது. கொட்டாஞ்சேனைப் பெண் ஒருவர் எழுதியிருந்தார்: "மார்பில ஒரு கட்டி. வீட்டில ஒருத்தருக்கும் சொல்லேல்ல. மகளின்ட கலியாணம் முடியட்டும் எண்டிருக்கிறன்." மருத்துவருக்கு எழுதுவது பூட்டிய அறைக்குப் போகும். புகார் அப்படியில்லை, விற்பனைப் பிரிவுக்குப் போகும். சோதனை ஓட்டம் அன்றோடு முடிகிறது; மறுநாள் காலை அவர்கள் ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டு, எடுத்தவரிடம் புகாரை வாசித்துக் காட்டி மன்னிப்புக் கேட்பார்கள். அந்தப் பெண் கொடுத்திருந்தது வீட்டில் யாரும் எடுக்கும் போன் எண்.

எனக்குச் சித்தியின் நினைவு வந்தது. மதுரையில் ஓர் ஆஸ்பத்திரி வராண்டாவில், "டிபி பேஷன்ட் யாரும்மா, முன்னாடி வா" என்று ஒருவர் கூப்பிட்ட ஒரே குரலில் சித்தியின் நோய் எங்கள் தெருவுக்கே தெரிந்துபோனது. மருந்து ஆறு மாதத்தில் நோயைத் தீர்த்தது. தெருவுக்கு மருந்தில்லை. சித்தி வீட்டுத் தண்ணீரை யாரும் வாங்கிக் குடிக்கவில்லை. நான் இந்தத் தொழிலுக்கு வந்ததே அந்தக் கோபத்தில்தான். அதே குரலை இப்போது நானே கொழும்பில் எழுதி வைத்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

முதலில் விற்பனைப் பிரிவுக்குப் போகும் வழியை அடைத்தேன். யார் யார் திறந்து பார்த்தார்கள் என்ற பதிவை எடுத்தேன். நல்லவேளை, என்னைத் தவிர ஒருவரும் இல்லை. நுஸ்ரத் என் திரையில் கொட்டாஞ்சேனை என்று கண்டதுமே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "நான் அந்த ஏரியா, தெரிஞ்ச ஆக்களா இருக்கும். எனக்குக் காட்டாதீங்க" என்றாள். மேலாளர் ருவான் விஷயத்தைக் கேட்டதும் கதவைச் சாத்தினார். இரண்டு நாளில் அரசாங்கப் பரிசோதனை. அனுமதி கிடைக்காவிட்டால் செயலியும் இல்லை, எங்கள் வேலையும் இல்லை. "அழித்துவிடு மீனா, யாருக்குத் தெரியப் போகிறது?" என்று ஆங்கிலத்தில் கெஞ்சினார். "எப்பா" என்றேன்.

எழுதிய ஒவ்வொருவருக்கும், செயலிக்குள் அவர் மட்டும் திறக்கக்கூடிய இடத்தில் கடிதம் போட்டேன். தவறு என்னுடையது, வாசித்தவள் நான் ஒருத்தி என்று எழுதி, அழிக்கவா அல்லது மருத்துவரிடம் சேர்க்கவா என்று கேட்டு, கீழே என் நேர் எண்ணைக் கொடுத்தேன். பரிசோதனைக்கு வந்த சிங்கள அம்மையார் முன்னால் முதல் தாளாக, நடந்ததையெல்லாம் எழுதிய அறிக்கையை வைத்தேன். படித்துவிட்டு, யாருடைய பிழை என்று சிங்களத்தில் கேட்டார். எனக்குத் தெரிந்த கொஞ்சத்தில், "மகே" என்றேன். என்னுடையது. அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாங்களாகத் தேடியிருந்தால் இது அகப்பட்டிருக்காது என்றார். பிறகு, இனித் தமிழில் எழுதுவதையெல்லாம் இந்த ஊர்க்காரர் ஒருவர் வாசித்தாக வேண்டும் என்ற நிபந்தனையோடு அனுமதி தந்தார். ருவான் என் கையைப் பிடித்துக் குலுக்கிய குலுக்கலில் வளையல் நெளிந்தது. ஜெயித்துவிட்டேன் என்று எனக்கு நானே உரக்கச் சொல்லிக்கொண்டேன். அதில் என்ன கூச்சம்?

மறுநாள் மத்தியானம் போன் வந்தது. கொட்டாஞ்சேனைப் பெண். தாழ்ந்த குரல்.

"அத வாசிச்சது நீங்க மட்டும்தானோ?"

"ஓம்ங்க, நான் மட்டும்தான்" என்றேன்.

"நீங்க இந்தியா என்ன? கதைக்கிறதில தெரியுது. கொழும்பில உங்களுக்குச் சொந்தக்காரர், தெரிஞ்ச ஆக்கள், ஆரும் இருக்கினமோ?"

"ஒருத்தரும் இல்லைங்க."

அந்தப் பக்கம் மூச்சு இறங்கியது கேட்டது. "அப்ப சரி. டொக்டரிட்ட சேர்த்துவிடுங்கோ. நாளைக்கே போய்க் காட்டுறன்."

எனக்கு இங்கே ஆட்கள் இல்லை என்பதை இத்தனை பெருமையோடு நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லிவிட்டு நிமிர்ந்தபோது, பக்கத்து மேசையில், கேட்கக்கூடாதென்று காதில் பாட்டு மாட்டியிருந்த நுஸ்ரத், தன் சோற்றுப் பார்சலைப் பிரித்து, பாதியை என் பக்கம் ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.