இசைவாணி எழுதாத வரி

இசைவாணிக்கு எங்கள் அலுவலகத்தில் நல்ல பெயர் கிடையாது. தஞ்சாவூரில் ஒரு மாடியில், அறுவடை மெஷினை செல்போனிலேயே பதிவு செய்யும் செயலி ஒன்றை நடத்தி வந்தோம். புதிய பதிப்பு வரும்போதெல்லாம் அதில் என்ன மாறியது என்று விவசாயிகளுக்குத் தமிழில் எழுதுவது அவள் வேலை. புரோகிராம் எழுதும் நாங்கள் செயலியை ஆளுக்கொரு பக்கம் திருத்தி மொத்த நிரலோடு சேர்ப்போம். சேர்த்த ஒவ்வொன்றும் ஒரு தலைப்போடு வரிசையாகப் பதிவாகும். அவள் தலைப்பை நம்பமாட்டாள். உள்ளே திறந்து பார்ப்பாள். சேர்த்ததைப் பிறகு யாராவது திரும்ப எடுத்தீர்களா என்று கேட்டு உயிரை வாங்குவாள்.

முதலாளி பரணிதரனுக்கு இதெல்லாம் வெட்டி வேலை. தலைப்புகளைப் படித்துத் தானே குறிப்பு எழுதும் புரோகிராம் ஒன்றைக் கொண்டுவந்தார். வெளியிடும் பட்டனை அழுத்துவது மட்டும் இசைவாணிக்கு மிஞ்சியது.

சம்பா அறுவடை நேரம். ஒரே மெஷின் ஒரே நாளில் இரண்டு பேருக்குப் பதிவாகிக்கொண்டிருந்தது. எங்களில் ஒருவனான தமிழரசன் அதற்குத் திருத்தம் சேர்த்தான். அதனால் பணம் கட்டும் பக்கம் நின்றுபோக, இரண்டு நாளில் திருத்தத்தை எடுத்துவிட்டு, 'சிறு மாற்றம்' என்று தலைப்பு போட்டான். மகானுபாவன்! புரோகிராம் பழைய தலைப்பைப் பிடித்துக்கொண்டு 'இரட்டைப் பதிவுக் கோளாறு சரிசெய்யப்பட்டது' என்று எழுதிவிட்டது.

"சார், அந்தத் திருத்தம் இதுல இல்லவே இல்ல. அந்த வரிய எடுத்துடலாம்."

"அடுத்த வெர்ஷன்ல வந்துடப் போவுது. சீசன் நேரத்துல இன்னும் சரியாவலைன்னு நாமளே சொல்லிக்கணுமா? அழுத்துங்க, இசைவாணி."

அழுத்தினாள். சம்பளத்துக்கு இருப்பவள் வேறு என்ன செய்வாள்?

அன்று சாயங்காலம் திருக்காட்டுப்பள்ளியிலிருந்து அவள் அப்பா துரைராசு போன் செய்தார்.

"சரியாயிடுச்சின்னு போட்டிருக்காங்களே பாப்பா, பதிஞ்சிடவா?"

"வேணாம்ப்பா. டிரைவருக்கே நேரா போன் பண்ணிடுங்க."

துரைராசுவின் வயல் அந்த வாரமே அறுபட்டது. அடுத்த வயல்கார அகிலாண்டம் குறிப்பை நம்பிச் செயலியில் பதிந்தார். குறித்த நாளில் மெஷின் வரவில்லை. அதே நாளுக்குப் பதிந்திருந்த வேறொருவர் வயலில் அது ஓடிக்கொண்டிருந்தது. மறுநாள் பிடித்த மழை விடவில்லை. கதிர் சாய்ந்து தண்ணீரிலேயே முளைவிட்டது. பரணிதரன் மட்டும் அந்த மாதம் பதிவுகள் கூடியதற்கு எங்களுக்கெல்லாம் பிரியாணி வாங்கித் தந்தார். இசைவாணி பொட்டலத்தைப் பிரிக்கவில்லை.

ஊருக்குப் போனவளை வாய்க்கால் கரையில் அகிலாண்டம் நிறுத்தினார். வாய்க்கு வந்தபடி திட்டுவார் என்று பயந்தாளாம். திட்டியிருக்கலாம். அவர் சாதாரணமாகத்தான் கேட்டார்.

"ஒங்க ஆபீசுல சரியாயிடுச்சின்னுதானேம்மா போட்டிருந்தாங்க. அப்புறம் ஒங்கப்பா மட்டும் ஏன் டிரைவருக்குப் போன் பண்ணுனாரு?"