பூஜ்ய வயது

என் மகள் சென்னையில் ஆக்சுவேரியல் சயின்ஸ் என்று ஒரு பட்டப்படிப்பு படித்தாள். மூன்று வருடம். நான் அஞ்சாவது வரை படித்தவள். ஜவ்வரிசி ஆலையில் மரவள்ளிக் கிழங்குக்குத் தோல் சீவுகிற வேலை. படிப்பின் பெயரைச் சொல்ல எனக்கு வாய் வராது. எந்த வயதில் எத்தனை பேர் சாவார்கள் என்று கணக்குப் போடுவது, இன்சூரன்ஸ்காரர்களுக்கு அது வேண்டும் என்று அவள் சொல்லியிருந்தாள். அதையே ஆலையில் சொன்னேன்.

“அடியே, பொண்ணு சாவு கணக்கு படிக்குதாம். எங்க மாமியா எப்ப போவும்னு கேட்டு சொல்லு. நானும் பாத்துக்கினே இருக்கேன்” என்றாள் பக்கத்தில் உட்கார்ந்து சீவுகிறவள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இரண்டாம் வருட விடுமுறையில் ஒரு கட்டுப் படிவத்தோடு வந்தாள். சொந்த ஊரில் வீடு வீடாகக் கேட்டு எழுத வேண்டும். எத்தனை பிறந்தது, எத்தனை செத்தது, எந்த வயதில். பிறந்த தேதியை ஆதார் கார்டு பார்த்து எழுத வேண்டும். எழுதுகிறவளின் வீடும் அதில் வரவேண்டும் என்று வாத்தியார் சொல்லியிருந்தார்.

எங்களுடையது கல்வராயன் மலையடிவாரத்து ஊர். வீடுகள் தள்ளித் தள்ளி இருக்கும். நானும் கூடப் போனேன்.

“செத்தவங்கள எழுதினா கவர்மெண்டு எதுனா குடுக்குமா?” என்று கேட்டார் ஒரு பெரியவர்.

“இல்லீங்க. படிப்புக்குங்க.”

“அப்ப என் பேரயும் இப்பவே போட்டுக்கோ. அப்புறம் இன்னொரு தபா அலைய வேணாம்.”

என் நாத்தனார் வீடு எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி. அவளுக்குப் போனது இரண்டு. ஒன்று எட்டு நாளில். ஒன்று ஆறு வயதில், கிணற்றில். கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள். மகள் எழுதிக்கொண்டாள். கிளம்பும்போது நாத்தனார் என் காதோரம் வந்தாள்.

“என்னுது ரெண்டும் ஏறிச்சு. உன்னுது எப்படி ஏறும்? அதோட பேப்பருதான் பள்ளிக்கூடம் போய்டுச்சே.”

மகளுக்கு மூத்தது ஒன்று இருந்தது. அதுவும் பெண். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் பிறந்தது. சர்டிபிகேட் கொடுத்தார்கள். பேர் வைக்கவில்லை, அந்த இடம் காலியாக இருந்தது. ஐந்தாம் மாதம் மலையில் கிழங்கு பிடுங்கப் போயிருந்தபோது வாந்தி பேதி. காலை பஸ் போய்விட்டது. அடுத்த பஸ் மறுநாள். அதற்குள் முடிந்துவிட்டது. கிழங்குக் கொல்லை ஓரம் புதைத்தோம். மறுநாள் கிழங்கு பிடுங்கினோம். செத்ததை எங்கேயும் போய் எழுதவில்லை.

இவள் அடுத்த ஆண்டு அதே மலையில், ஒரு கொட்டாயில் பிறந்தாள். பேப்பர் கிடையாது. இடுப்பில் வைத்துக்கொண்டு வேலை செய்ய முடியவில்லை. பள்ளிக்கூடத்தில் விட்டால் ஆகும். அங்கே சர்டிபிகேட் கேட்டார்கள். “இருக்கறத குடு, எல்லாம் நம்ம புள்ளதான” என்றார் வீட்டுக்காரர். கொடுத்தேன். காலியான இடத்தில் இவள் பேரை எழுதினார்கள். நாலரை வயதில் ஒன்றாம் வகுப்பு. வரிசையில் எப்போதும் இவள்தான் குள்ளம். பிள்ளைகள் குட்டை என்று கூப்பிட்டார்கள். “நீ சரியா சோறு போடல, அதான் வளரல” என்று என்னிடம் கத்துவாள். இன்னொரு கரண்டி சோறு வைப்பேன்.

நாத்தனார் வீட்டிலிருந்து வந்ததும் மகள் ஒரு பெரிய தாளில் கோடு போட்டாள்.

“மேல லட்சம் பேர் பொறக்கறாங்கன்னு வெச்சிப்போம். ஒவ்வொரு வயசுலயும் கொஞ்சம் பேர் போவாங்க. கீழ வர வர கம்மியாவும்.”

“மொத வரி இன்னா?”

“பூஜ்யம். ஒரு வயசு ஆகறதுக்குள்ள போறவங்க.”

“அத்தையோட எட்டு நாள் புள்ள?”

“அது அங்கதான்.”

அந்த வரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னுடையதும் அதில் இருக்க வேண்டும் என்று தோன்றியது. வேறு எங்கும் அது இல்லை.

எங்கள் வீட்டைக் கடைசியாக எழுதினாள். நான் வாசற்படியில் நின்றிருந்தேன்.

“நம்முளுத நானே எழுதிக்கிறேன். பொறந்தது ஒண்ணு. இருக்கறது ஒண்ணு.”

“ரெண்டுன்னு போடு” என்றேன்.

பேனா நின்றது. எல்லாம் சொன்னேன். சொல்லி முடிக்க அதிக நேரம் ஆகவில்லை. அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

“அப்ப எனக்கு நெசமா இன்னா வயசு?”

“கார்டுல இருக்கறதுக்கு ஒன்றரை வருஷம் கம்மி.”

“தேதி?”

“கெழங்கு புடுங்கற சமயம். மழை பேஞ்சிக்கினு இருந்துச்சு. தேதி தெரியாது.”

“மாடு கன்னு போட்டா கூட ஞாபகம் வெச்சிக்கினு இருப்ப.”

“அத மொத வரில போடுடி. வேற ஒண்ணும் கேக்கல” என்றேன்.

“போட்டா பொறந்த தேதி போடணும். அந்த தேதி என் கார்டுல இருக்குது. சார் பாத்தா நான் எழுதுற பரீட்சை, சர்டிபிகேட், எல்லாம் போச்சு.”

“வேற தேதி போடேன்.”

“இன்னொரு பொய்யா? ஒண்ணு போதலியா உனக்கு?”

பேனாவைக் கீழே வைத்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“அது இருக்கணும்னா நான் இருக்க முடியாது. உனக்கு யாரு வேணும்? நீயே சொல்லு, எழுதறேன்.”

நான் நின்றேன்.

“வாயத் தொறந்து சொல்லும்மா.”

“நீதான்” என்றேன்.

அந்தப் படிவத்தைக் கிழித்தாள். புதிதாக ஒன்று எடுத்துக் கதவு எண்ணை எழுதினாள். அதற்குக் கீழே தமிழில் ஒரு வரி. அஞ்சாவது படித்தவளுக்கு அது வாசிக்க வரும். ‘வீடு பூட்டியிருந்தது.’

நான் இன்னும் வாசற்படியில்தான் நின்றிருந்தேன். அவள் வெளியே போக என்னைத்தான் விலகச் சொல்ல வேண்டியிருந்தது. விலகினேன்.

அடுத்த நாள் குழாயடியில் நாத்தனார் குடத்தை வைத்துவிட்டுக் கேட்டாள்.

“இன்னா, உன்னுது ஏறிச்சா?”

“ஏறிச்சு” என்றேன்.