கைராசிக்காரர் வீட்டு அடிபம்பு

டேங்க் அக்கா என்றால்தான் அவளை எல்லோருக்கும் தெரியும். அறுபது வீட்டுக்குக் குடிதண்ணீர் தரும் சின்ன நிலையம் அவள் பொறுப்பு. அங்கே நிலத்தடித் தண்ணீரில் ஆர்சனிக் என்ற விஷம். நிறமில்லை, மணமில்லை, ருசியில்லை. ஆளை மட்டும் மெல்ல அரிக்கும். அதைப் பிடித்துவைக்க ஒரு தொட்டி நிறைய இரும்பு பூசிய மணல். அந்த மணலை வாராவாரம் கழுவுவாள். கழுவிய சிவந்த தண்ணீரைச் சாக்கடையில் விடாமல் தனிக் குழியில் விடுவாள்.

"கொதிக்கவெச்சுக் குடிச்சா போச்சு, இதுக்குப் போய் இவ்வளவு அலட்டலா?" என்று எதிர்வீட்டுத் தையல்காரர் கேட்டார்.

"கொதிச்சா தண்ணிதாங்க ஆவியாப் போகும். விஷம் அப்படியே உக்காந்திருக்கும்" என்றாள்.

ஊருக்குச் சொன்ன வாய் வீட்டில் செல்லுபடியாகவில்லை. அவள் புருஷன் போர்வெல் போடுகிறவர். எங்கே குழாய் இறக்கினாலும் தண்ணீர் வரும். அதனால் கைராசிக்காரர் என்று பேர். அக்கம்பக்கத்து அடிபம்புகள் எல்லாம் அவர் போட்டவை. தண்ணீரைச் சோதிக்க வந்தவர்கள் குடிக்காதே என்று ஒவ்வொன்றுக்கும் சிவப்புப் பெயின்ட் அடித்துவிட்டுப் போன அன்று அவர் சாப்பிடவில்லை. மறுநாள் தன் பம்பின் சிவப்பை உட்கார்ந்து சுரண்டினார்.

"வாய் நிறைய வாழ்த்திக் குடிச்சாங்களே. நானா ஊருக்கு விஷம் வெச்சேன்?"

பாவம், தெரிந்தா செய்தார்? ஆனால் வீம்பு என்றால் அப்படியொரு வீம்பு! அந்தப் பம்புத் தண்ணீரைத் தவிர வேறு தொடமாட்டார். "கைராசிக்காரரே குடிக்கறார், நமக்கென்ன?" என்று தையல்காரர் வீடு உட்பட இன்னும் நாலு வீட்டில் பழைய பம்பையே அடித்தார்கள். அவர் உள்ளங்கை தடித்து முள்முள்ளாய் ஆனது. "உழைக்கிற கை, காய்ச்சுப் போகாதா?" என்பார். மார்பில் கரும்புள்ளிகள் வந்தபோது சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டார். அட மனுஷா, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா?

ஒருநாள் அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். "இப்பவே அந்தத் தண்ணிய நிறுத்தணும்மா. விட்டா புத்துநோயில கொண்டுபோய் விட்டுடும்."

அழுதாள், கெஞ்சினாள், சண்டை போட்டாள். எல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்கு.

ஒரு மத்தியானம் அவர் சாப்பிட உட்கார்ந்தார். அவள் அந்தப் பம்பை அடித்துச் சொம்பு நிறையக் கொண்டுவந்தாள். அவருக்கு ஒரு டம்ளர் ஊற்றினாள், தனக்கும் ஒன்று ஊற்றினாள்.

"உனக்கு எதுக்கு?"

"இனிமே நீங்க குடிக்கறதையே நானும் குடிக்கறேன். நல்ல தண்ணிதானே?"

"விளையாடாத."

"விளையாடல. நீங்க இல்லாம நான் மட்டும் இருந்து என்ன பண்ணப் போறேன்?"

டம்ளர் அவள் உதட்டைத் தொட்டதுதான் தாமதம், அவர் கை பாய்ந்து வந்து தட்டிவிட்டது. டம்ளர் சுவரில் மோதி உருண்டது.

"குடிக்காதடி! அது விஷம்டி!"

தான் என்ன சொன்னோம் என்பது அப்புறம்தான் அவருக்கே உறைத்தது. தடித்த கைகளால் முகத்தை மூடிக்கொண்டு, "எத்தனை வீட்டுல போட்டேன்... எத்தனை வீட்டுல போட்டேன்..." என்று குழந்தை மாதிரி அழுதார். அவள் அவர் முதுகைத் தடவிக்கொண்டே பக்கத்தில் இருந்தாள். அவளுக்கும் அழுகை நிற்கவில்லை.

சாயங்காலம் ஸ்பேனரை எடுத்து முதலில் தன் பம்பின் கைப்பிடியைக் கழற்றினார். பிறகு அந்த நாலு வீட்டுக்கும் நடந்தார். தையல்காரர் பதறிப்போய்க் குறுக்கே வந்து நின்றார்.

"நீங்களே போட்டதாச்சேங்க!"

"ஆமா, நான்தான் போட்டேன்" என்று சொல்லிக்கொண்டே அவர் குனிந்து முதல் போல்ட்டைத் திருகினார்.